பழைய காருக்குக் குறைந்த செலவில் றிம்மும் டயரும்: அளவெடுப்பதில் இருந்து மாட்டி முடிக்கும் வரை

"அண்ணை, நாலு அலோய் றிம் மலிவாக் கிடைச்சது, எடுத்திட்டன். என்ர காருக்குப் போகும்தானே?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கேட்பவர் எப்போதும் காசைக் கொடுத்த பிறகுதான் கேட்பார். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான், அந்தக் கதை கீழே வருகிறது.

முதலில் காரைப் பார்க்க வேண்டும். அடுத்தது அளவு, அதற்கடுத்தது றிம், கடைசியில்தான் டயர். இந்த வரிசை தலைகீழாகிற இடத்தில்தான் வன்னியில் பலருடைய காசு கரைகிறது. 13, 14 அங்குலச் சில்லில் ஓடும் பழைய ரொயோட்டா, நிசான், ஹொண்டா, மிட்சுபிசி கார்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

1. கடைக்குப் போவதற்கு முன் கையில் இருக்கவேண்டியவை

ஒரு அளவு நாடா, ஒரு டோர்ச், ஜக்கு, வீல் ஸ்பனர், கம்பித் தூரிகை, ஒரு கொப்பி. நுணுக்கமாக அளக்கும் வேர்னியர் இருந்தால் நல்லது. தெரிந்த கராச்சில் அரை மணி நேரத்துக்கு இரவல் கேட்டாலும் போதும்.

சாரதிக் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். டயர் அளவும் காற்றளவும் அதில் இருக்கும். பழைய கார்களில் பெயின்ற் அடிக்கும்போது அதை உரித்திருப்பார்கள். அப்படியானால் காரின் கையேட்டில் தேடுங்கள். இப்போது மாட்டியிருக்கும் டயரில் உள்ள அளவை மட்டும் நம்பவேண்டாம். உங்களுக்கு முன் காரை வைத்திருந்தவர் கிடைத்ததை மாட்டியிருக்கலாம்.

2. பழைய டயர் எப்படித் தேய்ந்தது என்று பாருங்கள்

டயர் வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய இந்த வேலையை அநேகமாக எவரும் செய்வதில்லை. பழைய டயரைக் கழற்றி எறிந்துவிட்டால் கார் சொல்ல வந்த சேதியும் அதோடு போய்விடும்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று கூடுதலாக அடித்து ஓடியிருக்கிறது. இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. ஒரு ஓரம் மட்டும் மொட்டையானால் அலைன்மென்ட், அதாவது சில்லுகள் நிற்கும் கோணம் பிழை, அல்லது சில்லைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் (லோவர் ஆர்ம்) புஷ், போல் ஜொயின்ற் ஆட்டம் கண்டிருக்கிறது. டயரைத் தடவும்போது மேடும் பள்ளமுமாகக் கையில் பட்டால் ஷொக் அப்சோபர் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு காரை ஜக்கில் உயர்த்திச் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பெயாரிங்கோ போல் ஜொயின்றோ பழுது. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டீயரிங்கைச் சில்லோடு இணைக்கும் டை ரொட்டின் முனை. இவற்றைத் திருத்தாமல் புது டயர் போட்டால் அதே ஓரம் சில மாதங்களில் மறுபடி மொட்டையாகும். காசு மட்டுமட்டாக இருந்தால் இரண்டு டயரை மட்டும் வாங்கி, மிச்சத்தில் புஷ் மாற்றுங்கள்.

3. டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதை வாசிப்பது

175/70 ஆர் 13 82 ரி என்று இருக்கிறது என்று வைப்போம். 175 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 70 என்பது பக்கச் சுவரின் உயரம், அந்த அகலத்தின் 70 வீதம். ஆர் என்றால் ரேடியல். 13 றிம்மின் விட்டம், அங்குலத்தில். 82 சுமைக் குறியீடு: ஒரு டயர் 475 கிலோ தாங்கும். ரி என்பது வேக எல்லை, மணிக்கு 190 கிலோமீற்றர். எஸ் என்றால் 180, எச் என்றால் 210.

பழைய கார்களின் தாளில் 155 எஸ்ஆர் 13 என்று மட்டும் இருக்கும். இது பலரைக் குழப்புகிறது. இன்றைய எழுத்தில் அது ஏறத்தாழ 155/80 ஆர் 13.

சுமைக் குறியீடு உங்கள் தாளில் உள்ளதைவிடக் குறையக்கூடாது. எங்கள் பக்கத்தில் காரென்றால் ஆட்கள் மட்டும் போவதில்லை. அறுவடைக் காலத்தில் பின் இருக்கையில் நெல் மூட்டை, டிக்கியில் உர மூட்டை, அதற்கு மேல் இரண்டு பேர். அதனால்தான் வேக எழுத்தைவிட இந்த எண்ணை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

4. அளவை மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் டயரின் முழு விட்டம் 3 வீதத்துக்கு மேல் மாறக்கூடாது. மாறினால் வேகமானி பொய் சொல்லும், மட்கார்டில் உரசும்.

கணக்கு இலேசானது. அகலத்தை வீதத்தால் பெருக்கி, இரண்டால் பெருக்கி, றிம் விட்டத்தைக் கூட்டுங்கள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். 175/70 ஆர் 13க்கு 575 மில்லிமீற்றர் வரும். 175/65 ஆர் 14க்கு 583. 185/60 ஆர் 14க்கு 578. மூன்றும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போகக்கூடியவை. 195/50 ஆர் 15 எடுத்தாலும் 576தான். கணக்கில் அதுவும் சரி.

கணக்கில் சரி, றோட்டில் சரியில்லை. 175/70இல் பக்கச் சுவர் 122 மில்லிமீற்றர் உயரம். 195/50இல் அது 98 மில்லிமீற்றருக்கும் குறைவு. ஏ9இன் காபெட் வீதியில் இரண்டும் ஒன்றுதான். மாங்குளத்தில் இறங்கி ஒட்டுசுட்டான் தாண்டி உள்ளே கிரவல் றோட்டில் திரும்பினால் வித்தியாசம் தெரியும். மாரி மழைக்குப் பிறகு கிரவலில் விழும் குழியின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அந்த அடியை வாங்குவது இரப்பரா றிம்மா என்பதைப் பக்கச் சுவரின் உயரம்தான் தீர்மானிக்கிறது. 13இல் இருந்து 14க்குப் போங்கள், அதோடு நிறுத்துங்கள். 15 அங்குலம் படத்துக்கு நன்றாக இருக்கும்.

5. றிம்மின் அளவுகள்: மெதுவாகப் போகவேண்டிய இடம்

என் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருந்தது நிசான் ட்ராட் சனி. வவுனியாவில் பழைய கொரோலாவில் இருந்து கழற்றிய நான்கு அலோய் றிம் பார்த்தேன். நான்கு துளை, பிசிடி (நட்டுத் துளை வட்டத்தின் விட்டம்) 100 மில்லிமீற்றர். சனியும் நான்கு துளை, பிசிடி 100. கடைக்காரர் "கண்ணை மூடிக்கொண்டு போடலாம்" என்றார், நானும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன். வீட்டு முற்றத்தில் சில்லைக் கழற்றி றிம்மைத் தூக்கி வைத்தால் நட்டுப் பூட்டும் நான்கு தண்டும் நான்கு துளைக்குள் அழகாக வருகிறது, றிம் மட்டும் ஹப்போடு, அதாவது சில்லு பூட்டும் நடுப்பகுதியோடு போய் அமரவில்லை. ஒரு விரல் இடைவெளி. பலகை வைத்துத் தட்டியும் பார்த்தேன். அப்புறம்தான் நடுத்துளையைப் பார்த்தேன். ரொயோட்டாவின் நடுத்துளை 54.1 மில்லிமீற்றர், நிசானின் ஹப் 59 மில்லிமீற்றர். ஐந்து மில்லிமீற்றரை எந்தச் சுத்தியலாலும் அடித்து உள்ளே விட முடியாது. கிளிநொச்சியில் ஒரு கொரோலாக்காரருக்கு நட்டத்துக்குக் கொடுத்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ள வேண்டியவை இவை.

பிசிடி. நட்டுத் துளைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம். நான்கு துளையென்றால் ஒரு துளையின் உள் விளிம்பில் இருந்து எதிர்த் துளையின் வெளி விளிம்பு வரை அளந்தால் போதும், மையத்தைத் தேடவேண்டியதில்லை. பழைய கொரோலா, சனி, ஹொண்டா ஃபிட் எல்லாம் 100. பழைய மாருதி 800க்கு 114.3. ஐந்து துளை றிம்மில் அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையத் தூரம் 67 மில்லிமீற்றர் என்றால் அது 114.3, 59 மில்லிமீற்றர் என்றால் 100.

நடுத்துளை. ரொயோட்டா 54.1, ஹொண்டா 56.1, நிசான் 59 சொச்சம். றிம்மின் துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடையில் ஒரு வளையம் போட்டு மாட்டலாம். வளையம் போடாவிட்டால் 70, 80 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கக்கூடும். துளை சிறிதாக இருந்தால் அந்த றிம்மை விட்டுவிடுங்கள். லேத்தில் கடைந்து தருவதாகச் சொல்வார்கள். மையம் ஒரு மயிரிழை தப்பினாலும் அந்த நடுக்கம் ஆயுளுக்கும் போகாது.

ஓப்செட். றிம்மின் நடுக்கோட்டில் இருந்து ஹப்பில் அமரும் முகம் எத்தனை மில்லிமீற்றர் தள்ளி இருக்கிறது என்பது. றிம்மின் பின்புறம் ஈ.ரி. 45 மாதிரி எழுதியிருக்கும். அந்த எண் குறையக் குறையச் சில்லு வெளியே தள்ளும், கூடக் கூட உள்ளே போகும். முன்சில்லு இழுக்கும் பழைய யப்பான் கார்களில் பெரும்பாலும் 38இல் இருந்து 45 வரை. ஐந்து மில்லிமீற்றர் வித்தியாசம் பரவாயில்லை. வெளியே தள்ளிய சில்லு பார்க்க மிடுக்காக இருக்கும், சுமை ஏற்றியதும் பின் மட்கார்டை அரிக்கும், பெயாரிங்கையும் சீக்கிரம் தின்னும்.

றிம் அகலம். 5 ஜே, 5½ ஜே என்று அங்குலத்தில் இருக்கும். 175/70 ஆர் 13க்கு 5 ஜே சரியான அகலம், 185/60 ஆர் 14க்கு 5½. ஓப்செட் ஒன்றாகவே இருந்தாலும் 5 ஜேயில் இருந்து 6 ஜேக்குப் போனால் உள்ளே அரை அங்குலம், வெளியே அரை அங்குலம் கூடும். இதை மறந்துவிட்டு "ஓப்செட் சரிதானே, ஏன் உரசுகிறது" என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

நட்டு. ரொயோட்டா, ஹொண்டா, மிட்சுபிசி தண்டின் புரி (ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி) 1.5 மில்லிமீற்றர், நிசான், சுசுகி 1.25. தடிப்பு எல்லாவற்றுக்கும் 12 மில்லிமீற்றர் என்பதால் மாறிப் போட்டாலும் முதல் ஒன்றிரண்டு சுற்று போகும். பிறகு இறுகும், இம்பாக்ட் கன்னால் அடித்தால் புரி செத்துவிடும்.

நட்டின் அடி வடிவமும் பொருந்தவேண்டும். இரும்பு றிம்முக்கும், கடையில் தனியாக விற்கும் பெரும்பாலான அலோய் றிம்முக்கும் கூம்பு. ஹொண்டாவின் கம்பனி றிம்முக்கு உருண்டை. ரொயோட்டாவின் பல கம்பனி அலோய் றிம்களுக்குத் தட்டையான வாசர் வைத்த நட்டு. வடிவம் மாறினால் நட்டு இறுகியது போலக் கைக்குத் தெரியும், ஆனால் தொடுவது ஒரு கோடு அளவுதான். ஓட ஓடத் தளரும்.

6. பாவித்த றிம்மைக் கையில் எடுத்துப் பார்த்தல்

புதிதாகப் பெயின்ற் அடித்த றிம் என்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும். முன்பக்கத்தை விடுங்கள், திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆரங்கள் வளையத்தோடு சேரும் இடம், நட்டுத் துளையைச் சுற்றிய இடம், உள் விளிம்பு. வெடிப்பும் வெல்டிங்கும் அங்கேதான் இருக்கும். அலோய் றிம்மில் வெல்டிங் கண்டால் வைத்துவிட்டு வாருங்கள். யப்பான் றிம் என்றால் ஜேடபிள்யூஎல் என்ற முத்திரை வார்க்கப்பட்டிருக்கும், அது அந்த நாட்டின் தரக் குறி.

நெளிவைக் கண்ணால் பிடிப்பது கடினம். டயர் கடையின் பலன்ஸ் மெஷினில் வெறும் றிம்மை மாட்டிச் சுழற்றச் சொல்லுங்கள். விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலை அசையாமல் பிடித்தால் இடைவெளி கூடிக் குறைவது தெரியும். காசு கொடுப்பதற்கு முன் இதைச் செய்யவிடாத கடை எனக்கு வேண்டாம்.

முல்லைத்தீவுக் கரைப் பக்கம் ஓடிய காரின் றிம் என்றால் டயர் அமரும் விளிம்பில் உப்பு அரித்த பொருக்கைத் தேடுங்கள். அதற்குள்ளால் காற்று மெல்ல மெல்லப் போகும், பஞ்சர் கடையில் எவ்வளவு தேடினாலும் ஓட்டை அகப்படாது.

உண்மையைச் சொன்னால், காசு குறைவென்றால் இரும்பு றிம்மே போதும். நெளிந்தால் தட்டி எடுக்கலாம், விலையும் குறைவு. மிஞ்சும் காசு டயருக்குப் போகட்டும்.

7. டயர்: புதியதா, பாவித்ததா, ரீபில்ட்டா?

புதியது வாங்க முடிந்தால் புதியது. பெரிய பெயர் வேண்டியதில்லை. களனியில் செய்யும் சியட், இந்தியாவில் இருந்து வரும் எம்ஆர்எப், அப்பல்லோ, எதுவானாலும் சரி, அளவும் சுமைக் குறியீடும் திகதியும் சரியாக இருந்தால் பழைய காருக்குப் போதும்.

திகதி என்றேன். பக்கச் சுவரில் டொட் என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரு பக்கத்தில் இல்லாவிட்டால் மறுபக்கத்தில் இருக்கும். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முன் செய்த டயர், தொடவே வேண்டாம். ஆறு வருடத்துக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் வெடிப்புப் பார்க்கவேண்டும். பத்து வருடம் என்றால் பள்ளம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் கழற்றவேண்டும். வெயிலும் சூடும் இரப்பரைத் தானாகவே கெட்டியாக்கிவிடும், ஓடினாலும் ஓடாவிட்டாலும். எங்கள் பக்கத்து வெயிலில் முற்றத்தில் நிற்கும் காருக்கு இது இன்னும் பொருந்தும்.

பாவித்த டயர்தான் எடுக்கிறீர்கள் என்றால் றிம்மில் மாட்டியபடி வாங்காதீர்கள். கழற்றி உட்புறத்துக்கு டோர்ச் அடியுங்கள். உள்ளே பக்கச் சுவரில் சுருக்கமோ, கையில் ஒட்டும் கறுப்புத் தூளோ இருந்தால் காற்றில்லாமல் ஓடிய டயர். வெளியே எவ்வளவு மினுங்கினாலும் உள்ளே நார் அறுந்திருக்கும். பக்கச் சுவரில் ஒட்டுப் போட்டிருந்தால் வேண்டாம். பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும், அவை 1.6 மில்லிமீற்றர் உயரம். மேற்பரப்பு அந்த மேட்டுக்கு இறங்கிவிட்டால் டயரின் கதை முடிந்தது. அந்த மேடுகளே இல்லாமல் பள்ளம் மட்டும் ஆழமாக இருந்தால் சுடுகம்பியால் வெட்டியிருக்கிறார்கள்.

யப்பான் டயரில் இன்னொரு பொறி உண்டு. நெடுங்கேணியில் ஒரு தம்பி நான்கு டயர் எடுத்து வந்தான். "அண்ணை, பள்ளமெல்லாம் புதுசு மாதிரிக் கிடக்கு, என்ன பிழை?" என்றான். நகத்தால் அழுத்தினேன், அழிறப்பர் மாதிரி உள்ளே போனது. கட்டைகளில் நெருக்கமாக நெளிநெளிக் கீறல்கள். பக்கத்தில் ஸ்டட்லெஸ் என்று எழுதியிருந்தது. பனியில் ஓடுவதற்காகச் செய்த டயர் அது. குளிரிலும் இறுகாமல் இருக்க மென்மையான இரப்பரில் செய்கிறார்கள். இங்கே பங்குனி, சித்திரைத் தாரில் அது மெழுகு மாதிரித் தேயும், பிறேக் பிடித்தால் நெளிந்து போகும். பள்ளம் ஆழமாக இருப்பதே அதன் கவர்ச்சி, ஏமாறுவதும் அதனால்தான்.

ரீபில்ட், அதாவது தேய்ந்த டயரில் புது மேற்பரப்பு ஒட்டிய டயர், லொறிக்கும் பஸ்ஸுக்கும் சரி. காருக்கு நான் போடமாட்டேன். சுமை கூட ஏற்றலாம் என்று வானுக்குரிய கெட்டி டயரைக் காருக்குப் போடுபவர்களும் உண்டு. வெறும் காரில் அது கட்டை மாதிரித் துள்ளும்.

நான்கும் ஒன்றாக வாங்க முடியாவிட்டால் இரண்டு வாங்குங்கள், ஆனால் ஒரே அச்சுக்கு ஒரே அளவு, ஒரே மாதிரி. புது இரண்டும் பின்னால் போகவேண்டும். எல்லோரும் முன்னால்தான் போடுவார்கள், முன்சில்லு இழுக்கிற காருக்கு அதுதான் சரி என்று வாதமும் செய்வார்கள். மழையில் முன்சில்லு வழுக்கினால் கார் நேரே போகும், ஆக்சிலேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடிபடும். பின்சில்லு வழுக்கினால் கார் சுழலும். ஏ9இல் இரவில் திடீரென்று மாடு குறுக்கே வந்து பிறேக் அடித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

8. கடையில் மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

வால்வைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். டயரோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமில்லை, பழைய இரப்பர் வெடித்தால் மறுபடி டயரைக் கழற்றவேண்டும். டயர் அமரும் விளிம்பைக் கம்பித் தூரிகையால் துருப் போகத் தேய்க்கவேண்டும். கடையில் அவசரத்தில் விடுவது இதைத்தான், அதனால்தான் தூரிகையைக் கையில் கொண்டு போகச் சொன்னேன். காற்றடித்து முடிந்ததும் விளிம்பிலும் வால்விலும் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

விடத்தல் முள்ளுக்குப் பயந்து டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போடச் சொல்வார்கள். தேவையில்லை. டியூப்லெஸ்ஸில் முள் ஏறினால் காற்று மெல்லப் போகும், வீடு வந்து சேரலாம். டியூப் என்றால் அந்த இடத்திலேயே இறங்கும். றிம் மிகப் பழையதாகி, விளிம்புக்கு உட்பக்கம் டயரைத் தடுத்து நிறுத்தும் மேடு இல்லாவிட்டால் மட்டும் டியூப் போடுங்கள், அதுவும் ரேடியலுக்குரியதை.

பலன்ஸ் நான்குக்கும் செய்யுங்கள்.

9. காரில் ஏற்றுதல்

ஹப்பின் முகத்தைத் துருவில்லாமல் தேயுங்கள். நட்டுகளை முதலில் கையால் மட்டும் திருகுங்கள். புரி 1.5 என்றால் குறைந்தது எட்டுச் சுற்று, 1.25 என்றால் பத்துச் சுற்று போகவேண்டும். அதற்கு முன் நின்றால் தண்டின் நீளம் போதாது, அந்த றிம் அந்தக் காருக்கு ஆபத்து. பிறகு எதிரெதிர் நட்டாக இறுக்குங்கள். வட்டமாக இறுக்கினால் றிம் ஒரு பக்கம் சாய்ந்து அமரும். கடைசி இறுக்கம் சில்லு நிலத்தைத் தொட்ட பிறகு. இந்தக் கார்களுக்கு 100 நியூட்டன் மீற்றர் அளவு போதும். 30 சென்ரிமீற்றர் நீளமான ஸ்பனரில் கையால் ஓங்கி அழுத்துவது கிட்டத்தட்ட அந்த அளவு. ஸ்பனரில் ஏறிக் குதிக்கவேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடியுங்கள். பின் இருக்கையில் மூன்று பேரை ஏற்றி மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் விரல் போகிறதா என்று பாருங்கள். பிறகுதான் அலைன்மென்ட்.

10. முதல் நூறு கிலோமீற்றர்

50 கிலோமீற்றர் ஓடிய பிறகு நட்டை மறுபடி இறுக்குங்கள், 100இல் இன்னொரு முறை. அலோய் றிம் புதிதாக அமரும்போது கொஞ்சம் தளரும்.

காற்றைக் காலையில், கார் ஓடுவதற்கு முன் பாருங்கள். மத்தியானம் பரந்தனில் இருந்து வவுனியா வரை ஓடிவிட்டுப் பார்த்தால் கூடத்தான் காட்டும், அதைக் குறைத்துவிட்டால் அடுத்த நாள் காலை டயர் வாடியிருக்கும்.

கடைசியாக ஸ்பெயார் சில்லு. நான்கு சில்லும் அலோய், ஸ்பெயார் மட்டும் பழைய இரும்பு என்றால் புது நட்டு அதற்குப் பொருந்தாமல் போகலாம். பழைய நட்டு நான்கையும் எறியாமல் ஒரு துணிப் பையில் போட்டு ஸ்பெயார் சில்லோடேயே கட்டி வையுங்கள். அதன் டயர்த் திகதியையும் அப்போதே பாருங்கள். டிக்கிக்குள் ஒருநாளும் ஓடாமல் கிடந்து பதினைந்து வயதான டயரை நான் இரண்டு தடவை கண்டிருக்கிறேன்.